ஜின்ஜு டாக்டர் சொன்ன இரண்டாவது சேதி

உப்புத் தண்ணீரில் ஊறிக் கிடந்த கோஸைப் புரட்டிப் போடக் குனிந்த சம்வொல், குனிந்தபடியே நின்றுவிட்டாள். முற்றத்தின் மறுபக்கம் முள்ளங்கி சீவிக்கொண்டிருந்த மல்சுக், மதினி எதையோ தொட்டிக்குள் தவற விட்டுவிட்டுத் தேடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தாள்.

"என்ன மதினி, மோதிரத்த உள்ள போட்டுட்டியா? அறுபது கோஸையும் பிரிச்சுப் பாக்கணுமே!"

சம்வொல்லின் இரண்டு கைகளும் தொட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தன. ரப்பர் கையுறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மல்சுக்," என்றாள், மெல்லிய குரலில். "என்னைப் பிடிடி. நிமிர முடியல."

கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள் மல்சுக். மதினியின் அக்குளில் கை கொடுத்துத் தாங்கியபோது அந்த உடம்பு நடுங்குவது அவளுக்குத் தெரிந்தது. சம்வொல் அலறவில்லை. சிப்பி உடைக்கும் கொட்டகையில் ஓட்டு முனை உள்ளங்கையைக் கிழித்தபோதும் அலறாதவள்தான். ஆனால் இப்போது அவள் மூச்சை இழுக்கவே பயந்தாள். ஈரத் தரையில் மெல்ல உட்கார வைத்து, சுவரில் சாய்த்து, ஆம்புலன்சுக்கு ஃபோன் போட்டாள் மல்சுக். என்ன நடந்திருக்கிறது என்று டாக்டருக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கடலோர ஊரான டோங்யோங்கில் டிசம்பர் வந்தால் வீட்டுக்கு வீடு இதே வேலைதான். குளிர்காலத்துக்கான கோஸ் ஊறுகாயான கிம்ச்சியை ஒரே மூச்சில் போட்டு முடிக்க வேண்டும். சம்வொல் வீட்டுக்கு, மல்சுக் வீட்டுக்கு, பூசானில் இருக்கும் சம்வொல்லின் மகள் ஹேரன் வீட்டுக்கு என்று மூன்று வீட்டுக்கும் சேர்த்து இந்த முற்றத்தில்தான் போடுவார்கள். மல்சுக்கின் அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு சம்வொல் இந்த வீட்டுக்கு வந்த வருஷத்திலிருந்து அப்படித்தான். அண்ணன் போய் ஒன்பது வருஷமாகியும் மாறவில்லை. மதினியும் நாத்தனாரும் இருபத்தாறு வருஷமாகச் சிப்பிக் கொட்டகையில் ஒரே மேஜையில் அடுத்தடுத்து நின்று ஓடு உடைப்பவர்கள். நாத்தனார் என்றால் முள் என்பார்கள். இவர்களைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

மசாலா பூசி முடித்ததும் உள்பக்கத்து மஞ்சள் இலை ஒன்றைக் கிழித்து, அதில் ஒரு பச்சைச் சிப்பியை வைத்துச் சுருட்டி, பக்கத்தில் இருப்பவரின் வாயில் கையாலேயே ஊட்டிவிட வேண்டும். முதல் இலையைக் கிழிப்பவளே ஊட்டுவாள். யாரும் அந்தக் கையை மறுப்பதில்லை. சண்டை போட்டு ஆறு மாதமாகப் பேசாமல் இருப்பவர்கள்கூட அந்த நேரத்தில் வாயைத் திறந்துவிடுவார்கள்.

போன வருஷம் சம்வொல் ஊட்டிய இலையை மல்சுக் இடப்பக்கம் தள்ளி, வேண்டுமென்றே சத்தம் வரக் கடித்தாள். புதிதாகப் பதித்த இரண்டு இம்ப்ளாண்ட் கடைவாய்ப் பற்கள் அந்தப் பக்கம் இருந்தன. நறுக் நறுக்கென்ற அந்தச் சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது. "அடியே, குதிரை மாதிரி மெல்லுறியே!" என்று சம்வொல் சிரித்தாள். சிரித்துவிட்டு, தன் காலி ஈறை நாக்கால் ஒரு தடவை தடவிக்கொண்டாள். மல்சுக் அதைப் பார்த்தாள். பெருமையாக இருந்தது. இன்றைக்கு அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மருத்துவமனையில் டாக்டர் படத்தைத் திரையில் காட்டினார். இளவயசுக்காரர். சம்வொல்லைப் படுக்க வைத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, மல்சுக்குக்கும் கேட்கும்படி சொன்னார்.

"மூணு முள்ளெலும்பு நசுங்கியிருக்கும்மா. குனிஞ்சதால இல்ல. நீங்க தும்மியிருந்தாலும் உடைஞ்சிருக்கும். எலும்புப்புரைக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஊசி போட்டுட்டு இருந்திருக்கீங்க. மூணு வருஷம் ஒழுங்கா போட்டிருக்கீங்க. போன வருஷம் அக்டோபரோட நிக்குது. ஏன் விட்டீங்க?"

மல்சுக் தரையைப் பார்த்தாள். தன் ரப்பர் செருப்பில் ஒட்டியிருந்த மிளகாய்ப் பொடியைப் பார்த்தாள்.

"மறந்துபோச்சு," என்றாள் சம்வொல், கூரையைப் பார்த்தபடி.

"ரெண்டு தடவையுமா?"

"வயசாச்சுல்ல டாக்டர். மறந்துபோச்சு."

"இந்த ஊசிய மட்டும் பாதியில விடக் கூடாதும்மா. அது எலும்பைப் பிடிச்சு வச்சிருக்கும். விட்டா, பிடிச்சு வச்ச அத்தனையும் ஒரேயடியா கழண்டுரும். நிறுத்தணும்னா வேற மருந்து குடுத்துட்டுத்தான் நிறுத்தணும். உங்க டாக்டர் சொல்லலையா?"

சம்வொல் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது மல்சுக்குக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஒரு சாக்கைத் தூக்கி நெஞ்சில் வைத்தது போலிருந்தது.

சாயங்காலம் ஹேரன் பூசானிலிருந்து வந்து சேர்ந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் எண்ணூறு பிள்ளைகளுக்குச் சோறு ஆக்குகிறவள். குரலும் அதற்கேற்றபடி. அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது.

"மறந்துட்டாங்கன்னா, ஞாபகப்படுத்த வேண்டியது அந்த க்ளினிக்குதானே? மாவு அரைக்கிற மில்லுல இருந்துகூட மெசேஜ் வருது. எழுபத்து மூணு வயசுப் பொம்பளை வரலியேன்னு ஒரு ஃபோன் போட மாட்டாங்களா? நாளைக்குக் காலையில போறேன். அத்தை, நீங்களும் வாங்க. ஒத்தையா போனா என்னை ரவுடின்னு நினைப்பாங்க."

"விடும்மா," என்றாள் சம்வொல் படுக்கையிலிருந்து. "உங்க அத்தைக்கு கோஸ் வேலை கிடக்கு."

"கோஸ் எங்கயும் ஓடிப் போகாது."

மல்சுக் தலையை ஆட்டினாள். வரேன் என்று ஆட்டினாளா, மாட்டேன் என்று ஆட்டினாளா, அவளுக்கே தெரியாது. ஹேரன் அதை வரேன் என்று எடுத்துக்கொண்டாள்.

பழைய சந்தைக்கு எதிரில் இருக்கிறது அந்தக் கட்டடம். கீழே மருந்துக் கடை, அதற்கு மேலே எலும்பு டாக்டர், அதற்கும் மேலே பல் டாக்டர். டோங்யோங்கின் கிழவிகள் பாதிப் பேர் இந்த ஒரு மாடிப்படியில்தான் ஏறி இறங்குகிறார்கள். எலும்பு டாக்டருக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் பதினெட்டுப் படி. மல்சுக் அதை எண்ணியிருக்கிறாள். அந்தப் பதினெட்டுப் படியைத் தாண்டி ஒரு சேதியைக் கொண்டுபோக வேண்டியவள் அவள்தான். கொண்டுபோகவில்லை.

பற்கள் அவள் மகன் தந்த பரிசு. சாங்வோன் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகன், அறுபத்தாறாவது பிறந்தநாளுக்கு அம்மாவுக்குப் பல் வைத்துக் கொடுக்கப்போகிறேன் என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டான். பிள்ளைகள் அப்படிச் சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை உண்டு, கேட்டுக்கொண்டிருக்கும் தாய்க்கும் உண்டு. பல் க்ளினிக்கில் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு மேலாளரம்மா உட்கார வைத்துப் பேசுவாள். உதட்டுச் சாயம் கலையாமல் சிரிக்கிறவள். என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், எலும்புக்கு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்கிறீர்களா என்று காகிதத்தைப் பார்த்து வரிசையாகக் கேட்டாள்.

"பிரஷர் மாத்திரை," என்றாள் மல்சுக். "வேற ஒண்ணுமில்ல."

தெரியாமல் சொன்னதில்லை. மதினி போடும் அதே எலும்பு ஊசியை அவளும் போட்டுக்கொண்டிருந்தாள். கொட்டகையில் அவளுக்கு எதிர் மேஜையில் நிற்கும் ஒருத்தியிடம் இதே கேள்வியைக் கேட்டு, ஊசி போடுகிறேன் என்று அவள் சொன்னதும், எலும்பு டாக்டரிடம் கடிதம் வாங்கி வாருங்கள், நாள் பார்த்துத்தான் செய்ய வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் அதற்கப்புறம் அந்தப் படியை மிதிக்கவே இல்லை. இன்னும் கஞ்சிதான் குடிக்கிறாள். தன்னையும் அனுப்பிவிட்டால் மகனிடம் என்ன சொல்வது? ஏப்ரலில் போட்ட ஊசி ஜூனிலா உடம்பில் இருக்கப்போகிறது என்று மல்சுக் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஜூனில் பதித்தார்கள். அக்டோபரில் மேலே பல் வந்தது. டிசம்பரில் குதிரை மாதிரி மென்றாள். ஜனவரியில் தாடை வீங்கி, ஈறு பிளந்து, உள்ளே சாம்பல் நிறத்தில் எலும்பு தெரிந்தது. பிப்ரவரியில் ஒரு காலை, முகம் கழுவும்போது பல்லும் திருகுமாகக் கையில் வந்து விழுந்தது. அதோடு விரல் நகம் அளவுக்குத் தாடை எலும்பும் வந்தது.

ஜின்ஜுவில் பெரிய ஆஸ்பத்திரியில் செத்த எலும்பைச் சுரண்டி எடுத்தார்கள். அங்கே இருந்த பெண் டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு சேதி சொன்னாள். முதலாவது, இந்த ஊசி போடுகிறவர்களில் ரொம்பக் கொஞ்சம் பேருக்குத் தாடையில் புண் ஆறாமல் இப்படி ஆகும், முன்கூட்டிச் சொல்லியிருந்தால் பார்த்துப் பக்குவமாகச் செய்திருப்பார்கள். இரண்டாவது, அதற்காக யாரும் ஊசியைத் தானாக நிறுத்திவிடக் கூடாது, முதுகு போய்விடும். "உங்களுக்கு வேற ஊசி எழுதித் தரேன்மா. தினமும் வயித்துல நீங்களே போட்டுக்கணும்," என்றாள். மல்சுக் தலையாட்டினாள். போட்டுக்கொண்டும் வந்தாள்.

மார்ச்சில் தாடையில் துணி கட்டிக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பியபோது நாற்பது பெண்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றிக்கொண்டார்கள். என்ன ஆச்சு, எப்படி ஆச்சு? பல் டாக்டரிடம் பொய் சொன்னேன் என்று அவர்களிடம் சொல்ல வாய் வரவில்லை. "அந்த எலும்பு ஊசிதான் என் தாடையைத் தின்னுருச்சு," என்றாள். அத்தோடு நிறுத்தினாள். இரண்டாவது சேதியைச் சொன்னால், ஏன் முன்கூட்டிச் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். பழியை ஊசியின் தலையில் போட்டது வசதியாக இருந்தது. ஊசி வந்து மறுத்துப் பேசவா போகிறது?

படியேறும்போது ஹேரன் முன்னால் போனாள். "மெதுவா வாங்க அத்தை," என்று திரும்பிச் சொன்னாள். அந்தப் பரிவு மல்சுக்குக்குத் தாங்கவில்லை.

சனிக்கிழமை காலை. எலும்பு க்ளினிக்கில் பெஞ்சு நிறையக் கிழவிகள். வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயசுகூட இருக்காது. ஹேரன் போட்ட முதல் சத்தத்திலேயே அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"நாங்க அனுப்பினோம்மா. ஏப்ரல்ல மூணு மெசேஜ் போயிருக்கு. இதோ பாருங்க." திரையைத் திருப்பிக் காட்டினாள். "மே மாசம் ஃபோனும் பண்ணிருக்கோம். நான்தான் பேசினேன், எழுதி வச்சிருக்கேன். வீட்ல இருந்த ஒரு அம்மா எடுத்தாங்க. அவங்க பொண்ணு வீட்டுக்குப் போயிருக்காங்க, வந்ததும் சொல்றேன்னு சொன்னாங்க."

"எந்த அம்மா? எங்க அம்மா தனியா இருக்காங்க. இந்த வருஷம் என் வீட்டுக்கு வரவே இல்ல. உன் தப்பை மறைக்க வாய்க்கு வந்ததைச் சொல்றியா?"

"இல்லம்மா, சத்தியமா…"

"டாக்டரைக் கூப்பிடு. உன்னை மாதிரி ஆளை வேலைக்கு வச்சா கிழவிங்க முதுகெல்லாம் உடையாம என்ன செய்யும்?"

அந்தப் பெண்ணின் உதடு துடித்தது. கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். மல்சுக் கதவைப் பார்த்தாள். இப்போது வெளியே போய்விடலாம். மதினி சாகும்வரை மறந்துபோச்சு என்றுதான் சொல்வாள். யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்தப் பிள்ளையைத் திட்டுவார்கள், ஒருவேளை வேலையை விட்டு எடுப்பார்கள், வேறு வேலை தேடிக்கொள்வாள்.

"ஹேரன்," என்றாள். "அந்த ஃபோனை நான்தான் எடுத்தேன்."

ஹேரன் திரும்பவில்லை. காதில் விழாத மாதிரி இருந்தாள். மல்சுக் இன்னொரு தடவை சொன்னாள், கொஞ்சம் உரக்க. இடது தாடையில் எலும்பு போனதிலிருந்து சத்தமாகப் பேசினால் அவளுக்கு வாய் கோணும்.

"மெசேஜ் வந்தப்போ உங்கம்மா என்கிட்டதான் குடுத்துப் படிக்கச் சொன்னா. அவளுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாதுன்னு உனக்குத் தெரியும்ல. நான்தான் படிச்சேன். நான்தான் அழிச்சேன். மூணையும்."

"எதுக்கு?"

"என் தாடை மாதிரி ஆயிரும்னு சொன்னேன். பல்லு வைக்கணும்னா ஊசிய விட்டுரு மதினின்னு சொன்னேன். அவளுக்கும் பல்லு ஆசை. என்னைப் பாத்துதான் வந்துச்சு. ஒரு வருஷம் ஊசி போடாம இருந்துட்டு இந்தக் குளிர் முடிஞ்சதும் வச்சுக்கலாம்னு ரெண்டு பேரும் பேசிக்கிட்டோம்."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

இங்கே நிறுத்திக்கொள்ளலாம். தோணலை, படிக்காத கிழவிங்க, தெரியாமப் பண்ணிட்டோம் என்று சொன்னால் ஹேரன் திட்டுவாள், அழுவாள், ஒரு மாதத்தில் மறந்துவிடுவாள். மல்சுக் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள். "ஜின்ஜு டாக்டர் என்கிட்ட சொன்னாங்க. தானா நிறுத்துனா முதுகு போயிரும்னு சொன்னாங்க. நான் அதை யாருக்கும் சொல்லல. உங்கம்மாவுக்கும் சொல்லல. சொன்னா, பல்லு டாக்டர்கிட்ட நான் பொய் சொன்னது தெரிஞ்சுபோகும்."

உள்ளே ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப நீங்க?" என்றாள் ஹேரன். "உங்க ஊசி? நீங்களும் நிறுத்தினீங்களா?"

மல்சுக்கின் கை தானாகப் போய் வயிற்றைத் தொட்டது. அன்றைக்குக் காலையிலும் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள். ஹேரன் அந்தக் கையைப் பார்த்தாள். போன வசந்தத்தில் அத்தை வீட்டு ஃபிரிட்ஜில் பேனா மாதிரி ஓர் ஊசியைப் பார்த்து, இது என்ன என்று அவள் கேட்டிருந்தாள். புண் ஆற மருந்து என்று அப்போது மல்சுக் சொல்லியிருந்தாள்.

சத்தம் போடுவாள் என்று மல்சுக் எதிர்பார்த்தாள். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பாள். ஹேரன் அவளை விட்டு விலகி, வரவேற்பு மேஜைக்கு முன்னால் போய் நின்று, அந்தச் சின்னப் பெண்ணை இடுப்பு மடங்கக் கும்பிட்டாள்.

"மன்னிச்சுக்கம்மா. ஆள் தெரியாமப் பேசிட்டேன்."

அப்புறம் மல்சுக்கின் பக்கம் பார்க்காமலே சொன்னாள். "கோஸ் உப்புல கிடக்கு. போய்ப் பாருங்க."

அத்தை என்ற சொல் அதில் இல்லை.

ஒரு ராத்திரி ஊற வேண்டிய கோஸ் இரண்டு ராத்திரி ஊறிவிட்டது. தொட்டிக்குள் எல்லாம் துவண்டு கிடந்தது. கொட்டகையிலிருந்து பில்நாமும் இன்னும் இரண்டு பேரும் சேதி கேள்விப்பட்டுக் கையுறையோடு வந்திருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. இந்த ஊரில் குளிர்கால கிம்ச்சிக்கு ஒரு கை குறைந்தால் யாராவது வந்து நிற்பார்கள். நான்கு தடவை நல்ல தண்ணீர் மாற்றி அலசினார்கள். முள்ளங்கியையும் மிளகாய்ப் பொடியையும் மீன் சாற்றையும் சேர்த்துப் பிசைய உட்கார்ந்தபோது பில்நாம் கேட்டாள்.

"சம்வொல் அக்கா தூக்குனது எவ்வளவு கனம் இருக்கும்? ஒரு கோஸா, ரெண்டா?"

"ஒண்ணுகூட தூக்கல," என்றாள் மல்சுக். "கேளுங்க. மார்ச்சுல நான் உங்ககிட்ட பாதியைத்தான் சொன்னேன்."

முழுதையும் சொன்னாள். காலையில் சொன்னதைவிட இப்போது சுலபமாக வந்தது. மேலாளரம்மா கேட்ட கேள்வியை, தான் சொன்ன பதிலை, ஜின்ஜு டாக்டரின் இரண்டாவது சேதியை, அழித்த மெசேஜை என்று ஒன்றையும் விடவில்லை. கை பிசைந்துகொண்டே இருந்தது. சொல்லி முடித்து நிமிர்ந்தபோது பில்நாமின் கை நின்றுபோயிருந்தது.

"நீ சொன்னேன்னுதான் நான் ஜூலையில போடல," என்றாள் பில்நாம்.

பில்நாம் கையுறையைக் கழற்றினாள். சிவந்திருந்த முழங்கையைக்கூடத் துடைக்காமல் பைக்குள்ளிருந்து ஃபோனை எடுத்து, முற்றத்தின் ஓரத்துக்குப் போய் நின்றாள். சனிக்கிழமை ஒரு மணிக்குக் க்ளினிக்கை மூடிவிடுவார்கள். மணி பன்னிரண்டே முக்கால். அவள் மெதுவாக, முதுகை நேராக வைத்துக்கொண்டு, கண்ணாடிப் பாத்திரத்தைச் சுமப்பவள் மாதிரி நடந்து போனதை மல்சுக் பார்த்தாள். இன்னும் எத்தனை பேரோ? நாற்பது பேர் அன்றைக்குக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். திங்கட்கிழமை கொட்டகையில் மேஜை மேஜையாகப் போய்ச் சொல்ல வேண்டும். எப்படிப் பார்ப்பார்களோ, பார்க்கட்டும்.

மூன்று மணிக்கு முடிந்தது. மூன்று வீட்டுப் பெட்டிகளையும் நிரப்பினார்கள். முதல் இலையை யாரும் கிழிக்கவில்லை. மல்சுக் உள்ளிலையாகப் பார்த்து நான்கைந்தையும் ஒரு கிண்ணம் சிப்பியையும் டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

சம்வொல் மல்லாந்து கிடந்தாள். மார்பிலிருந்து இடுப்புவரை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஹேரன் ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மல்சுக் உள்ளே வந்ததும் அவள் திரும்பவில்லை.

"இவ எல்லாம் சொன்னா," என்றாள் சம்வொல், குசுகுசுவென்று. உரக்கப் பேசினால் வலிக்கும். "ஜின்ஜு டாக்டர் சொன்னதையும் சொன்னா. அது எனக்குத் தெரியாது மல்சுக்."

"தெரியாதுன்னு தெரியும் மதினி."

"மெசேஜ அழிச்சது தெரியும். அதுக்குத்தான் மறந்துட்டேன்னு சொன்னேன். ரெண்டு பேரும் சேந்து பண்ணுன கூத்து, உன்னை மட்டும் எதுக்குக் காட்டிக்குடுக்கணும்னு. ஆனா இது தெரியாது." கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்தாள். "எனக்குக் கோவம் இல்லேன்னு நினைக்காத. நிறைய இருக்கு. உக்கார முடிஞ்சதும் உன்னை வைவேன். ரெண்டு நாள் வைவேன். இப்ப வஞ்சா முதுகு வலிக்குது."

மல்சுக்குக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை. மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டாள், மிளகாய் கண்ணில் பட்டு இன்னும் எரிந்தது.

"என்ன மணக்குது? கொண்டுவந்தியா?" என்றாள் சம்வொல். "குடு. நர்ஸ் வந்தா கத்துவா, சீக்கிரம் குடு."

இலையை நகத்தால் நூல் நூலாகக் கிழித்தாள் மல்சுக். படுத்திருப்பவளுக்குத் தொண்டையில் சிக்கக் கூடாது. சிப்பியிலும் ஒரு துணுக்கு மட்டும் வைத்து, விரல் நுனியில் சுருட்டி, மதினியின் உதட்டில் வைத்தாள். சம்வொல் முன்பல்லால் மென்றாள். நேரமெடுத்து மென்றாள். பின்னால் பல் இல்லாதவர்கள் நாக்கையும் மேல்வாயையும் வைத்து அரைப்பார்கள், அந்த வேலை மல்சுக்குக்கும் இப்போது பழகிவிட்டது. அவளையும் அறியாமல் மதினியோடு சேர்ந்து அவள் வாயும் அசைந்தது.

"உப்பு கூடிப்போச்சு," என்றாள் சம்வொல்.

"நாலு தடவை அலசினேன் மதினி."

"அலசுனா போகுமா? ஜனவரி கடைசியில புளிச்சு வரும்போது கொஞ்சம் தணியும்." கண்ணை ஜன்னல் பக்கம் திருப்பினாள். தலையைத் திருப்ப முடியாது. "அவளுக்கும் குடு."

மல்சுக் டப்பாவிலிருந்து முழு இலையை எடுத்தாள். நல்ல சிப்பியாக ஒன்றைப் பொறுக்கி நடுவில் வைத்து, மசாலா வெளியே வராமல் சுருட்டினாள். கட்டிலைச் சுற்றி நடந்து ஹேரனின் பக்கத்தில் போய்க் கையை நீட்டினாள். எப்போதும் சொல்வதைப் போல வாயைத் திற என்று சொல்லத் துணிச்சல் இல்லை. கையை மட்டும் நீட்டினாள்.

ஹேரன் திரும்பினாள். அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. சிப்பி ஓடு கீறிக் கீறித் தழும்பேறிய அந்த விரல்களையும், அவற்றில் இருந்த இலையையும் பார்த்தாள். அவள் உதடுகள் இறுக்கமாக மூடியிருந்தன. கட்டிலிலிருந்து சம்வொல்லின் மூச்சு மட்டும் சின்னச் சின்னதாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

இலையிலிருந்து சிவப்புச் சாறு மல்சுக்கின் உள்ளங்கையில் இறங்கி, மணிக்கட்டைத் தாண்டி, சட்டைக் கைக்குள் ஓடியது. பழைய கீறல் ஒன்றில் பட்டு எரிந்தது. அவள் கையைத் தாழ்த்தவில்லை.